வெளிப்பக்கம் திறக்கும் கதவு

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். ஒரு எழுத்து யானை, அடுத்த எழுத்து எலி. வரி வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது. மரத்தில் கோடு போட்டால் உளி அதன் மேலேயே போகிறது. காகிதத்தில் கோடு போட்டால் பேனா தன் இஷ்டத்துக்குப் போகிறது. அதனால் பேனாவை வைத்துவிட்டு, காதில் செருகும் தச்சுப் பென்சிலை எடுத்துக்கொண்டேன். இது என் கைதான். முன்பு மாதிரி லைட்மேன் எழுதித் தந்தது இல்லை. எழுபத்தொரு வயதில் உன் புருஷன் தானே எழுதும் முதல் கடிதம். முடிக்க ஆறு நாள் ஆகும் என்று நினைக்கிறேன்.

நீ நலமா? மகள் வந்து பார்த்துக்கொள்கிறாளா? காது எப்படி இருக்கிறது? போனில் பேசிப் பேசி எனக்கும் தொண்டை போய்விட்டது, உனக்கும் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதக் கற்றுக்கொண்டேன்.

சொல்லிக்கொடுத்தது எங்கள் அட்டைக்காரம்மா. அவர் இங்கே பிராம்ப்டர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, மொழி தெரியாத நடிகருக்கு வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுப்பார். வசனத்தைப் பெரிய பெரிய அட்டையில் எழுதித் தூக்கியும் காட்டுவார். ஷூட்டிங் நின்றுபோனதிலிருந்து நானும் அவரும் சும்மா இருக்கிறோம். அந்த அட்டைகளை வைத்தே சொல்லிக்கொடுத்தார். அதனால் 'உப்பு' எழுத வருவதற்கு முன்னால் எனக்குத் 'துரோகி' எழுத வந்துவிட்டது. 'ட' உடனே வந்தது, அது நான் மூலை சரிபார்க்கும் மூலைமட்டமேதான். 'ப' சட்டம் அடிக்கிற மாதிரி. இந்த 'இ', 'ஞ', 'ழ' எல்லாம் வளைவு வேலை, கடைசல்காரனுக்குத்தான் சரி.

ஷூட்டிங் ஏன் நின்றது என்று கேட்டிருந்தாய். நாற்பது நாள் வேலை என்று சொல்லிவிட்டு ஆகஸ்டில் வந்தவன் நான். பழைய படம் ஒன்றை மூன்று மொழியில் ஒரே சமயத்தில் மறுபடி எடுக்கிறார்கள். வீடு ஒன்று, ஹீரோ மூன்று பேர். ஒன்றாம் நம்பர் வந்து அம்மா மடியில் முகத்தை வைத்து அழுவார். அவர் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனதும், இரண்டாம் நம்பர் வந்து அதே மடியில் அடுத்த மொழியில் அழுவார். பிறகு மூன்றாம் நம்பர். அம்மா மட்டும் ஒரே அம்மா. பாவம், மூன்று மொழியிலும் அவரே அழ வேண்டும்.

அந்த வீட்டை நான்தான் செய்தேன். பத்து வருஷம் கழித்து மகன் கோபத்தோடு திரும்பி வரும் காட்சியில், நவம்பர் மாதம், இரண்டாம் நம்பர் வாசல் கதவை உதைத்தார். கதவு அசையவில்லை. கால் எலும்பு விட்டுப்போனது. நான் செய்த கதவு, சும்மாவா? இழுத்திருந்தால் பூ மாதிரி திறந்திருக்கும். அவ்வளவு பெரிய நடிகருக்கு இழுக்கத் தெரியவில்லை.

கை வலிக்கிறது. இன்று எட்டாம் நாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன் (கையெழுத்தும் நானே)


மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். மகள் நலம். நீங்கள் நலம் என்று உங்கள் எழுத்தே சொல்கிறது, துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

தபால்காரர் கொடுத்தபோது யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்து நாலு வருஷத்தில் ஆறு பேர் கையெழுத்தில் எனக்குப் புருஷனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் 'வேறு விசேஷம் ஒன்றும் இல்லை' என்றுதான் முடியும். ஒரே ஒரு தடவை 'கண்மணி' என்று ஆரம்பித்திருந்தது. அது நீங்கள் சொல்லி எழுதியது இல்லை, அந்த லைட்மேன் தானே சேர்த்தது என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் அதை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த செட் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் வீட்டு வாசல் கதவை நீங்கள்தான் மாட்டினீர்கள். ஊரில் எல்லார் வீட்டுக் கதவும் உள்ளே திறக்கும்போது நம்முடையது மட்டும் வெளியே திறக்கும். மழை உள்ளே வராது என்றீர்கள். மழை வரவில்லை, சரி. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று கதவு போய் சம்பந்தி மூக்கில் இடித்ததே, மறந்துவிட்டதா? மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் 'பொண்ணு பிடிச்சிருக்கு' என்றார் மனுஷன். இன்றைக்கும் யார் வந்து தள்ளினாலும் நான் உள்ளேயிருந்து கத்த வேண்டும்: "தள்ளாதீங்க, இழுங்க. எங்க வீட்டுக்காரர் மாட்டின கதவு."

என் காது அது பாட்டுக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. நானே படித்தேன். ஒருவரும் பக்கத்தில் இல்லை. ஒரு பகல் முழுக்க ஆனது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், "இருங்க, வீட்ல பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். நீ எழுதுவது நீ பேசுவது மாதிரியே இருக்கிறது. இவ்வளவு நாள் லைட்மேன் குரலில் கேட்டுக் கேட்டு உன் குரலே எனக்குப் போயிருந்தது.

இங்கே செய்திகள் நிறைய. இரண்டாம் நம்பருக்குக் கால் சேர்ந்துவிட்டது, ஆனால் அவர் தேதிகளை வேறு படம் வாங்கிக்கொண்டது. மூன்றாம் நம்பர் நடுவில் இன்னொரு படத்துக்காக மீசையை எடுத்துவிட்டார். இந்தப் படத்தில் பாதிவரை மீசையோடு அழுதிருக்கிறார், மீதியை மீசை இல்லாமல் அழ முடியாதாம். ஆபீஸிலிருந்து வாரம் ஒருமுறை ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் மீசை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். போதாததற்கு மூன்றாம் மொழிக்குப் பணம் போட்ட பங்காளி கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரு வருத்தமான சேதியும் உண்டு. கால் உடைந்ததற்கு யார் காரணம் என்று ஆபீஸில் பேச்சு வந்தது. டைரக்டர், "உதைச்சுத் திறக்கிற கதவுதானே கேட்டேன்" என்றார். ஆர்ட் டைரக்டர் வேறு படத்துக்குப் போய்விட்டார், "எல்லாம் பிளான்ல இருக்கு" என்று போனை வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, பிளான்படிதானே மாட்டினீங்க?" என்றார்கள். "பிளான்படிதான்" என்றேன். ஐம்பது வருஷ வேலைக்காரன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? கடைசியில், கதவு எப்படித் திறக்கும் என்று நடிகரிடம் அவர் மொழியில் சொல்லாதது அட்டைக்காரம்மாவின் தப்பு என்று ஆக்கிவிட்டார்கள். மலையில் உருண்ட கல் பள்ளத்தில் இருப்பவர் தலையில்தான் விழும். மறுபடி ஷூட்டிங் தொடங்கும்போது வேறு பிராம்ப்டர் வருவாராம். மிச்சமுள்ள அட்டைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடித்த அட்டையை எனக்குக் காட்டி, "படிங்க மேஸ்திரி, பாப்போம்" என்கிறார்.

நேற்று 'மன்னிப்பு' படித்தேன். ஒரே மூச்சில்.

காது அது பாட்டுக்கு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? டாக்டரிடம் போனாயா?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நம்பரின் மீசைக்கு மட்டும் ஐந்து வரி. நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை. மறுபடி கேட்கிறேன், கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

இன்னொன்று. பிளான்படி மாட்டினேன் என்று சொன்னீர்களே, அது நீங்கள் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் மாட்டிய கதவு இல்லையா?

மகள் உங்கள் கடிதத்தைப் பார்த்து, "அம்மா, அப்பா எழுத்துல 'ட' மட்டும் அச்சு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 19

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். எல்லாக் கதவும் திறக்கிற பக்கம்தான் அந்தக் கதவும் திறக்கும்.

நேற்று என் பெட்டியிலிருந்த பழைய சுருள் ஒன்றை எடுத்துப் படித்தேன். கையில் கொஞ்சம் வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


மே 20

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது சைக்கிளை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறார்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்குக் கை சரியில்லை என்றும் நான் நம்பவில்லை. மனசுதான் சரியில்லை. நானே சொல்லிவிடுகிறேன், சரியா தப்பா என்று மட்டும் எழுதுங்கள். அது உள்ளே திறக்க வேண்டிய கதவு. பிளானில் அப்படித்தான் எழுதியிருந்தது. நீங்கள் கோட்டைப் பார்த்துச் சட்டம் அடித்தீர்கள், எழுத்தைப் பார்க்கவில்லை. கை போன போக்கில் நம் வீட்டுக் கதவை மாட்டிவிட்டீர்கள். இப்போது அந்த அம்மா சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்தே அதைப் படித்துவிட்டு, அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்களுக்குக் கோபம் வராவிட்டால் இன்னொன்றும் சொல்கிறேன். படிக்கத் தெரியாதது தப்பில்லை. 'பிளான்படிதான்' என்று சொன்னீர்களே, அதுதான் தப்பு. அதையும் சரி பண்ணலாம். நேரில் வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே.

நீங்கள் கதவைச் சொன்னால் நான் காதைச் சொல்கிறேன். அதுதான் பேரம்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 8

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். இன்று ரொம்ப நலம். சந்தோஷத்தில் பென்சில் ஓடுகிறது, அதனால் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

எல்லாம் சரி. நீ சொன்னது அச்சு அசல். பெட்டியில் இருந்த சுருள் அந்தப் பிளான்தான், அதன் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 'வாசல் கதவு உள்பக்கம் திறக்க வேண்டும்.' முதலில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஆகா, அட்டை இல்லாமலே ஒரு வரி படித்துவிட்டோமே என்று சிரித்தேன். அப்புறம்தான் என்ன படித்தேன் என்று புரிந்தது. அப்படியே சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே டைரக்டருக்கு எழுத ஆரம்பித்தேன். நாலு நாள். இதுதான் எழுதினேன்:

'ஐயா, கதவு உள்ளே திறக்க வேண்டும் என்று பிளானில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். பிளான்படி மாட்டினேன் என்று சொன்னது பொய். பிராம்ப்டர் அம்மாமேல் தப்பில்லை. அவர் எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திராவிட்டால் தப்பு என்னுடையது என்று எனக்கே தெரிந்திருக்காது.'

செட்டில் என் கதவுக்கு முன்னால் வைத்துத்தான் கொடுத்தேன். டைரக்டர் நின்றபடியே படித்தார்.

"யார் மேஸ்திரி இத எழுதிக் குடுத்தது?"

"நாந்தாங்க."

"சும்மா சொல்லாதீங்க."

"கையெழுத்தப் பாருங்க. இந்த மாதிரி எழுதிக் குடுக்க யாராவது ஒத்துக்குவாங்களா?"

இன்னொரு தடவை பார்த்தார். நம்பிவிட்டார். பிறகு கதவைப் போய்த் தள்ளினார். இழுத்தார். மூடினார். "எதுக்கு வெளிய திறக்கிற மாதிரி மாட்டினீங்க?"

"மழை உள்ள வராதுங்க."

"செட்டுக்குள்ள ஏதுய்யா மழை? மேல ஓடு போட்டுருக்கு, அதுக்கு மேல ஷெட்டு போட்டுருக்கு."

"வீட்ல அப்படியே பழக்கம்."

"வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"நாப்பத்து நாலு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா."

"என்னன்னு?"

கோபித்துக்கொள்ளாதே. உன் மார்ச் மாதக் கடிதம் பையில் இருந்தது. எடுத்து நானே படித்துக் காட்டினேன், சம்பந்தி மூக்கிலிருந்து 'எங்க வீட்டுக்காரர் மாட்டின கதவு' வரை. சத்தம் கேட்டு லைட்மேன்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தேதி பேச வந்திருந்த அம்மா நடிகையும் வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். என்னை அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு கதவை நிமிர்ந்து பார்த்து, "பத்து வருஷம் வீட்டுக்கே வராதவன்" என்றார். "அவன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னே அவனுக்கு மறந்துபோயிருக்கும், இல்ல?" பிறகு எழுந்து, "அந்த வசனத்த உங்க வீட்டம்மா எனக்குக் குடுப்பாங்களா, கேளுங்க" என்றார்.

இனி ஹீரோ கத்திக்கொண்டு வந்து உதைப்பார், கதவு திறக்காது. மறுபடி உதைப்பார். உள்ளேயிருந்து அம்மா குரல் வரும்: "தள்ளாதடா, இழு. உங்கப்பா மாட்டின கதவு." அவ்வளவுதான். அங்கேயே அவர் கோபம் எல்லாம் இறங்கிவிடும்.

அட்டைக்காரம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் தப்பு உங்களுடையது இல்லை என்று சொன்னார்கள். வேறு பிராம்ப்டர் கிடையாது. வெளியே வந்தவர் என்னிடம் நேராக நடந்து வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அத எழுதிக் காட்டுங்க மேஸ்திரி" என்றார். ஒரு அட்டையில் எழுதினேன். பார்த்துவிட்டு, "வரி இன்னும் சரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கதவைச் சொல்லிவிட்டேன். இப்போது நீ காதைச் சொல்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தான். என் கடிதத்தை லைட்மேன்கள் கூட்டத்தில் படித்தீர்களா? இனிமேல் எழுதும்போது தலை வாரிக்கொண்டுதான் எழுத வேண்டும் போலிருக்கிறது. வசனத்தைக் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். நாற்பத்து நாலு வருஷமாகச் சும்மா வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

பேரம் பேரம்தான். காது இரண்டும் ஜனவரியிலேயே போய்விட்டன. டாக்டர் பார்த்துவிட்டார், மிஷின் வைத்தும் பயனில்லை என்றார். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவீர்கள், அதனால் சொல்லவில்லை. அழுதது எல்லாம் ஜனவரியோடு முடிந்தது. இப்போது ஒரு வசதி இருக்கிறது, யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அடுப்படியில் நிற்கும் என் முதுகோடுதான் பேசுவார்கள்.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்து வருத்தப்பட்டேன். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நாம் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று. மார்ச்சில் உங்கள் கடிதம் வந்ததும் அந்த வருத்தமும் போய்விட்டது. அதனால்தான் அன்றைக்குப் படியில் உட்கார்ந்தேன்.

வேலையை முடித்துவிட்டே வாருங்கள். பாதியில் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


செப்டம்பர் 14

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். நீ எழுதியதைப் பத்து தடவை படித்தேன். அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். கடைசி வரியைப் பார்த்து அவிழ்த்துவிட்டேன்.

காட்சி எடுத்தாயிற்று. இரண்டாம் நம்பர் அந்த வேறு படத்தை முடித்துவிட்டு வந்ததும் கதவைத்தான் முதலில் பார்த்தார். நான் போய் அவரிடம் கை கூப்பினேன். அட்டைக்காரம்மா மொழிபெயர்த்தார். அவர் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். "அந்தக் கதவு நடிச்ச அளவுக்கு அன்னிக்கு நான் நடிக்கல" என்றாராம். ஆனால் உதைக்கச் சொன்னபோது பூனை பாலைத் தொடுகிற மாதிரி உதைத்தார். ஆறு டேக். காலில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்த பிறகுதான் கோபம் வந்தது. மூன்றாம் நம்பர் மீசை வளர்ந்து வந்தது. வலப்பக்கம் கொஞ்சம் குறைவு, அந்தப் பக்கம் கேமராவுக்குக் காட்டவில்லை.

உன் வசனம் இரண்டாம் மொழியில் சின்னதாகப் போய்விட்டது. மூன்றாம் மொழியில் இரண்டு மூச்சு வாங்க வேண்டும். அம்மா நடிகை மூன்றையும் சொல்லிவிட்டு, "நம்ம மொழியிலதான் இடுப்புல கை வெக்கத் தோணுது" என்றார்.

அப்புறம்தான் கஷ்டம். ஆகஸ்டில் ரிலீஸ் என்றார்கள். மூன்றாம் மொழிப் பங்காளி சமாதானமாகி வந்து, மூன்றும் ஒரே நாளில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மொழியில் பின்னணிக் குரல் சேர்க்கும் வேலை முடியவில்லை. செப்டம்பர் என்றார்கள். பெரிய படம் ஒன்று குறுக்கே வந்தது. இப்போது அக்டோபராம். ரிலீஸ் ஆகும்வரை செட்டைப் பிரிக்கக் கூடாது, எதையாவது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டைரக்டர். செட் நிற்கும்வரை நானும் நிற்க வேண்டும். தினமும் காலையில் அந்த வீட்டைப் பெருக்கி, கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். நம் வீட்டுக்குள் போகிற மாதிரிதான் இருக்கிறது. உள்ளே போனால்தான் நீ இல்லை.

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 30

அன்புள்ள உங்களுக்கு,

நலம். சந்தைக்குப் போகிற வழியில் உங்கள் படத்தின் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. தேதியின் மேல் ஒரு தாள் ஒட்டி வேறு தேதி, அதன் மேல் இன்னொரு தாள். இன்றைக்கு மூன்றாவது தாளும் ஏறிவிட்டது. மகள் சொல்கிறாள், இன்னும் இரண்டு தாள் ஒட்டினால் கதவு செய்துவிடலாமாம்.

சம்பந்தி தினமும் வந்து, "படம் எப்ப?" என்று கேட்கிறார். அவர் மூக்கு படத்தில் வருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

நானும் தினமும் காலையில் நம் வீட்டுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறேன். அது கிறீச்சிடுகிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கைக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டுக்காரி


நவம்பர் 23

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்துவிட்டேன்.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன், நலமா? நாங்கள் எல்லாரும் நலம். முதல் நாள், முதல் காட்சி. ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் சம்பந்தி. எனக்குச் சத்தம் கிடையாது, அதனால் மற்றவர்கள் ஹீரோவைப் பார்த்தபோது நான் வீட்டைப் பார்த்தேன். அடுப்படி ஜன்னல் நம் ஜன்னல். கூடத்துத் தூணில் மகள் உயரம் அளந்து கோடு போட்ட இடத்தில்கூட ஒரு வெட்டு இருக்கிறது. அது பிளானில் இருந்ததா? இருந்திருக்காது.

அந்த இடம் வந்தது. ஹீரோ வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டு வந்தார். 'துரோகிகளே' என்பது வாயைப் பார்த்தாலே தெரிந்தது. உதைத்தார். கதவு அசையவில்லை. மறுபடி உதைத்தார். அப்போது உள்ளே அந்த அம்மா இடுப்பில் கையை வைத்தார். அவர் வாய் அசைவதற்கு முன்னால் என் வாய் அசைந்துவிட்டது. நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. மகள் என் கையைப் பிடித்தாள். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என் நாற்காலி ஆடியது. பக்கத்து நாற்காலி ஆடியது. தரையே ஆடியது. தியேட்டர் முழுக்கச் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் போல. சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

பிறகு ஆட்டம் நின்றது. அந்தப் பையன் கதவை மெதுவாக இழுத்தான். திறந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, துடைத்தால் திரை ஒரு நிமிஷம் மறைந்துவிடும்.

கடைசியில் பெயர்கள் ஓடின. 'கதவு: மேஸ்திரி. கதவு வசனம்: மேஸ்திரி வீட்டம்மா.' அது வேகமாகப் போய்விட்டது. அதனால் அந்த ஒரு வரியைப் படிக்க மறுநாளும் போனோம்.

செட்டைப் பிரித்துவிட்டு வாருங்கள். நம் வீட்டுக் கதவை மாற்றி மாட்டுகிறேன் என்று உளியோடு வந்து நின்றால் பாருங்கள். அதைத் தொடக் கூடாது. அது இப்போது படத்தில் நடித்த கதவு.

உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 4

கண்மணிக்கு,

இது லைட்மேன் சேர்த்தது இல்லை. மூன்று சுழி 'ண' எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, நாலு தடவை அழித்து எழுதினேன். காகிதம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கும், பார்.

நான் நலம். செட்டைப் பிரித்தாயிற்று. மூன்று மொழி அழுத வீடு ஒன்றரை நாளில் சட்டமும் பலகையுமாகப் போனது. தூணில் இருந்த வெட்டு பிளானில் இல்லை. உன்னிடம் மறைக்க முடியாது.

அட்டைக்காரம்மா அடுத்த படத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு அட்டையை எனக்குக் கொடுத்தார். 'தள்ளாதடா, இழு' என்று கொட்டை எழுத்தில் எழுதியது. அதை ஒரு பலகையில் ஒட்டி, நான்கு பக்கமும் சட்டம் அடித்துக் கொண்டுவருகிறேன். நம் வாசல் கதவில் மாட்டிவிடலாம். இனி யார் வந்தாலும் நீ உள்ளேயிருந்து கத்த வேண்டாம். சம்பந்திக்கு மட்டும் 'டா' போட முடியாது. அந்த இடத்தில் 'தள்ளாதீங்க, இழுங்க' என்று மாற்ற வேண்டும். அதை நானே எழுதுவேன். எலியும் யானையுமாகத்தான் இருக்கும், அதனால் என்ன, அவர் மூக்கு தப்பிக்கும்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும் என்று நினைக்கிறேன். கதவைத் தட்ட மாட்டேன், உனக்குக் கேட்காது. உதைக்கவும் மாட்டேன். இழுப்பேன்.

நீ கேட்டாயே, வீட்டுக்கு வந்த பிறகு எப்படிப் பேசிக்கொள்வோம் என்று. கூடத்தில் ஜன்னலோரம் எனக்கு ஒரு சின்ன மேஜை செய்துகொள்கிறேன். நீ அடுப்படியில் இரு. நடுவில் ஏழு அடிதான், தபால்தலை வேண்டாம். ஆனாலும் தேதி போட்டு, நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். நீயும் பதிலை மடித்துத்தான் கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டியது நாற்பத்து நாலு வருஷத்துக்கு இருக்கிறது, என் வேகத்துக்கு ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வரும்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்